கருகிய பருத்திக்குக் காசோலை

டெக்சாஸ் மாநிலத்தின் லபக் நகரிலிருந்து தெற்கே 100 கிலோமீட்டர் போனால் டாசன் கவுண்டி. ஏறக்குறைய நம் மாவட்டம் போல. தலைமையிடம் லமீசா. கண்ணுக்கெட்டிய தூரம் சிவந்த மணற்பாங்கான சமவெளி. பெரும்பாலும் மானாவாரிப் பருத்தி. காற்று எழும்பினால் புழுதியில் சாலையே தெரியாது.

2022-ல் மழை ஏமாற்றியது. டெக்சாஸ் விவசாயிகள் விதைத்த பருத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கை அறுவடை செய்யாமலே விட்டார்கள். நம் ஊராக இருந்தால் கலெக்டர் அலுவலக வாசலில் கூட்டம் கூடியிருக்கும். அங்கே காப்பீட்டுப் பணம் வந்தது. அந்தக் காப்பீட்டுக்கான பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசே கட்டுகிறது.

வானம் பார்த்து விதைப்பவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும்தான். ஆனால் பருத்தியை நம்பி இருப்பவர் நிலக்காரர் மட்டுமா? ஜின்னிங் ஆலை, பருவத்துக்கு மட்டும் அங்கே வேலைக்கு வரும் கூலியாள், லாரிக்காரர் என எல்லோருக்கும் பருத்தி வந்தால்தான் பிழைப்பு. பயிர்க் காப்பீட்டில் இவர்களுக்குப் பங்கில்லை. கருகிய ஆண்டில் நிலத்தின் கணக்கு நேராகிவிடும். ஊரின் கணக்கு துண்டு விழும்.

இந்தக் கோணல் பழையது. 1933-ல் விலை பாதாளத்தில் கிடந்தபோது, வளர்ந்து நின்ற பருத்தியை உழுது அழிக்க ரூஸ்வெல்ட் அரசு பணம் கொடுத்தது. சுமார் ஒரு கோடி ஏக்கர் பயிர் மண்ணுக்குள் போனது. பணம் பெரும்பாலும் நிலச் சொந்தக்காரர்களிடம் சேர்ந்தது. தென் மாநிலங்களில் வாரத்துக்கு உழுத கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும் குடும்பம் குடும்பமாக வெளியேற நேர்ந்தது.

விலை மானியம் இன்னும் விசித்திரம். இந்த ஆண்டு என்ன விதைத்தீர்கள் என்று அது கேட்பதில்லை. பழைய சாகுபடிக் கணக்கில் பதிவான ஏக்கருக்குத்தான் பணம். பருத்தி மானியத்தை எதிர்த்து பிரேசில் 2002-ல் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது, 2005-ல் வென்றது. அமெரிக்காவோ மானியத்தை முழுதாகத் திருத்த மனமின்றி, 2010 முதல் பிரேசில் பருத்தித் துறைக்கு ஆண்டுக்கு 14.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2014-ல் மேலும் 30 கோடி கொடுத்து வழக்கை முடித்தது. சொந்த மானியத்தைக் காப்பாற்ற அடுத்த நாட்டு விவசாயிக்கும் மானியம்! 2003-லேயே முறையிட்ட மாலி, புர்கினா ஃபாசோ, பெனின், சாட் ஆகிய ஏழை நாடுகளுக்கு அப்படி ஒரு பேரம் படியவில்லை.

2025-ல் வந்த சட்டம், விதை நீக்காத பருத்தியின் ஆதார விலையை பவுண்டுக்கு 36.7 சென்டிலிருந்து 42 சென்ட்டாக உயர்த்தியது. ஒருவர் பெறக்கூடிய உச்சவரம்பும் 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 ஆனது. கூட்டுப் பண்ணையில் நான்கு பங்காளிகள் இருந்தால் நான்கு வரம்பு என்பது தனிக் கதை.

இவ்வளவு கொடுக்கும் அரசு, வறட்சி ஆண்டில் ஜின்னிங் ஆலைக்கும் கூலியாளுக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம். பழைய ஏட்டை மூடிவிட்டு, இன்று விதைப்பவரைப் பார்த்துக் கொடுக்கலாம். ஊர் காலியாவதற்கு இயந்திரமும் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் இத்தனை ஆண்டு மானியம் அதைத் தடுக்கவும் இல்லை. 1960-ல் டாசன் கவுண்டியின் மக்கள்தொகை 19,185. 2020-ல் 12,456, அதிலும் லமீசா அருகே உள்ள மாநிலச் சிறையின் கைதிகள் சேர்த்தி.