எதிர்ப்பொருளுக்கும் சோதனை வேண்டும்

நரம்பின் வழியே செய்தி செல்லும் முறையை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் பிரிட்டிஷ் அறிஞர் இருவர் கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து 1952-ஆம் ஆண்டில் விளக்கினர். சோடியம் உட்புகுவதால் மின்துடிப்பு எழுகிறது. பொட்டாசியம் வெளியேறுவதால் அது அடங்குகிறது. பொட்டாசியம் வெளியேறுவதற்கு வழியாக நரம்புச் செல்லின் உறையில் அமைந்த புரதமே பொட்டாசியம் கால்வாய் எனப்படும்.

மின்னழுத்தத்திற்கேற்பத் திறந்து மூடும் இக்கால்வாய்களை ஆக்கும் மரபணுக்கள் மனிதரிடத்தே 40 உள்ளன. அவற்றுள் ஒன்று கே.வி. 1.1 என்னும் புரதத்தை ஆக்குகிறது. அம்மரபணு பழுதுற்றால், நடை அவ்வப்போது தள்ளாடும் பரம்பரை நோய் தோன்றும் என்பது 1994-இல் தெளிவாயிற்று. ஆகவே, மூளையில் இப்புரதம் எவ்விடத்தில் உள்ளது என்று அறிவது வெறும் ஆவலைத் தீர்ப்பதற்காக மட்டும் அன்று.

இதனை அறியும் கருவி எதிர்ப்பொருளாகும். புரதத்தின் ஒரு பகுதியை முயலுக்கோ சுண்டெலிக்கோ ஊசி வழியாகச் செலுத்தினால், அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் அப்பிராணியின் உடலில் உண்டாகிறது. அதனுடன் சாயத்தை இணைத்து மூளைச் சீவலின்மேல் இட்டால், புரதம் உள்ள இடம் ஒளிர வேண்டும்.

ஆனால், ஒளிர்வது யாவும் தேடிய புரதம் ஆகிவிடாது. கே.வி. 1.1, கே.வி. 1.2 ஆகியன உடன்பிறந்தார் போல் பெரிதும் ஒத்தவை. எதிர்ப்பொருள் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றலாம். தொடர்பே இல்லாத வேறொன்றையும் பற்றலாம். அப்போதும் சீவல் அழகாகவே ஒளிரும். குப்பியின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு இவ்வையத்தைத் தீர்க்காது.

ஐயந்தீர்க்கும் வழி ஒன்று உண்டு. கே.வி. 1.1 மரபணு நீக்கப்பெற்ற சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வு 1998-இல் வெளிவந்தது. அத்தகைய சுண்டெலியின் மூளைச் சீவலும் அவ்வாறே ஒளிருமாயின், அவ்வொளி பொய்யானது. இச்சோதனையைப் புறக்கணிப்பதன் விளைவு சிறிதன்று. 65 புரதங்களுக்கென விற்கப்பட்ட 614 எதிர்ப்பொருள்களைச் சோதித்து 2023-இல் வெளியான ஆய்வு, தம் இலக்கைப் பற்றாத எதிர்ப்பொருள்களின் முடிவுகள் ஒரு புரதத்திற்குச் சராசரியாக ஏறத்தாழ 12 கட்டுரைகளில் இடம்பெற்றிருந்ததைக் காட்டியது. செலவழிந்த பணமும் உழைப்பும் போகட்டும்; அம்முடிவுகளை நம்பி மேலும் ஆராய்ந்தோரின் காலமும் வீணாயிற்று.

இத்தகைய சோதனை சிறிய கூடங்களுக்கு எட்டாது என்று கூறுவோர் உளர். அது முற்றிலும் உண்மையன்று. இப்புரதம் இயல்பாக இல்லாத வளர்ப்புச் செல்களையும், இதன் மரபணு புகுத்தப்பெற்ற அதே செல்களையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்றும் பார்க்கலாம். விற்பவரின் பட்டியல் எண்ணையும் தயாரிப்புத் தொகுதி எண்ணையும் குறித்துவைப்பதற்குச் செலவே இல்லை. பொதுப்பணத்தில் எதிர்ப்பொருள் வாங்கும் நிலையங்கள் இச்சான்றுகளைக் கேட்டுப் பெறுவதை விதியாகக் கொள்ள வேண்டும்.

களப்பணியாளருக்கும் இது புறம்பானதன்று. மலேரியாவை ஒரு துளி இரத்தத்தில் காட்டும் பட்டையிலும் எதிர்ப்பொருளே வேலை செய்கிறது. அது தேடும் புரதத்தை ஆக்காத கிருமிகளும் உண்டு. அவை இருந்தும் கோடு தோன்றாமற் போகலாம். பட்டையிலுள்ள கட்டுப்பாட்டுக் கோடு சோதனை நடந்தேறியதை மட்டுமே காட்டும், நோயின்மையைக் காட்டாது.

கஞ்சியில் அயோடினை இட்டு நீலநிறத்தைக் காட்டும் ஆசிரியர், வெறும் நீரிலும் அயோடினை இட்டு நீலம் தோன்றாமையைக் காட்டுதல் நன்று. உள்ளதை உண்டென்றும் இல்லாததை இல்லையென்றும் சொல்லும் கருவியே நம்பத்தக்கது என்பதை மாணவர் அங்கேயே கற்றுக்கொள்வர்.