தோசைக்கல் இருக்கிற வீட்டுக்கு பான்கேக் பாக்கெட் எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் மட்டும் மூன்று பேர் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்த பிள்ளைகள், ஒருத்தி என் நாத்தனார் மகள். "பாப்பாவுக்கு எட்டு மாசம் முடிஞ்சிருச்சு. இந்த ராகி பான்கேக் மிக்ஸ் வாங்கலாமா?" கூடவே பாக்கெட்டின் படம். ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். காரணத்தைப் படித்துவிட்டுப் பிறகு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

முதலில் கணக்கு. பாக்கெட் 200 கிராம், விலை 300 ரூபாய். அப்படியானால் ஒரு கிலோ எவ்வளவு? 1500 ரூபாய். எங்கள் தெருக் கடையில் கேழ்வரகு கிலோ 60 ரூபாய். 25 மடங்கு! சரி, 25 மடங்கு கொடுக்கிறோமே, உள்ளே என்ன இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பின்பக்கத்தைப் படித்தேன். பாக்கெட் உணவில் சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முன்பக்கம் கொட்டை எழுத்தில் ராகி. பின்பக்கத்தில் முதலில் கோதுமை மாவு, இரண்டாவது பேரீச்சைப் பொடி, மூன்றாவதாகத்தான் ராகி. மூன்றாம் ரேங்க் வாங்கிய பிள்ளையின் படத்தை முதல் ரேங்க் என்று ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஏறுவரிசை, இறங்குவரிசை என்று உங்களுக்கு அத்தனை நாள் கரும்பலகையில் எழுதிப் போட்டது இதற்காகத்தான் பிள்ளைகளா. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பான்கேக் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அமெரிக்காவில் ஒரு அம்மா மாவும் முட்டையும் பாலும் கலந்து கல்லில் ஊற்றித் தன் பிள்ளைக்குக் கொடுப்பது அவர்கள் வீட்டுச் சாப்பாடு. அதே வேலையைத்தான் நம் வீட்டில் தோசை, ஊத்தப்பம், அடை, ஆப்பம், பணியாரம் என்று ஐந்தாறு பெயரில் செய்துகொண்டிருக்கிறோம். அவர்கள் மாவு உப்புவதற்கு பேக்கிங் பவுடர் போடுகிறார்கள். நம் மாவு ராத்திரி முழுக்கத் தானே பொங்கிக்கொள்கிறது. அப்படிப் புளிக்கும்போது, தானியத்திலும் பருப்பிலும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குத் தராமல் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைகிறது. எட்டு மாதக் குழந்தைக்கு ஏற்ற பான்கேக் உங்கள் ஃபிரிட்ஜில் எவர்சில்வர் தூக்கில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு பாக்கெட்டைத் தேடுகிறீர்கள்.

இரும்புச்சத்தை ஏன் இழுக்கிறேன் என்று கேட்கலாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 67.1 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். முந்தைய கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 50.7 ஆக இருந்தது, கூடியிருக்கிறது. பத்துப் பிள்ளைகளில் ஐந்தாறு பேர் இரத்தம் குறைந்த பிள்ளைகள். இந்தப் பிள்ளைகளைத்தான் நான் ஒன்றாம் வகுப்பில் பார்த்தேன். பதினோரு மணிக்கே பெஞ்சில் தலை சாய்ப்பார்கள். சோம்பேறி என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். சோம்பேறித்தனமா, சோகையா என்று யாரும் பார்ப்பதில்லை. தாய்ப்பாலில் கிடைக்கிற இரும்பு ஆறு மாதத்துக்குமேல் போதாது. மீதி சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதனால் அந்தச் சின்னத் தோசைக்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியம்.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். நோட்டுப் புத்தகம் தேவையில்லை, அவ்வளவு சுலபம்.

ஒன்று, வீட்டு மாவு. அரைத்து உப்புப் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வையுங்கள். உப்பில்லாமலும் அது புளிக்கும். முதல் நாள், இரண்டாம் நாள் மாவாக இருக்கட்டும், புளித்துப் பொங்கிய நாலாம் நாள் மாவு வேண்டாம். கல் காய்ந்ததும் தீயைக் குறைத்து உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றுங்கள், தேய்க்கக் கூடாது. ஒரு சொட்டு நெய். மூடி போட்டு வேக வையுங்கள். நமக்கு முறுகல் பிடிக்கும், பிள்ளைக்கு முறுகல் கூடாது, ஈறில் குத்தும். பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். விரல் நீளத்துக்குக் கீறி முன்னால் வைத்தால் பிள்ளை தானே பிடித்துத் தின்னும்.

இரண்டு, கேழ்வரகு. நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழத்தைக் கட்டியில்லாமல் மசித்து, லேசாக வறுத்த கேழ்வரகு மாவு மூன்று ஸ்பூன் போட்டு, தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பக்குவத்துக்குக் கரைத்துப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு சின்னச் சின்னதாக ஊற்றி, மூடி வைத்து, இரண்டு பக்கமும் வேக விடுங்கள். முட்டை கொடுத்துப் பழகிய பிள்ளையாக இருந்தால் ஒரு முட்டையை அடித்துச் சேர்க்கலாம். பாக்கெட்டில் விற்கிற ராகி பான்கேக் இதுதான், வேறு ரகசியம் ஒன்றுமில்லை. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம், அரிசியில் சுமார் 10. நம் கரிசல் மண்ணில் விளைகிற கம்பில் இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல், தீட்டிய பச்சரிசியில் 1 கூடத் தேறாது. ஆகவே கம்பு மாவிலும் இதே மாதிரி செய்யுங்கள்.

மூன்று, பாசிப்பருப்பு. ஒரு மணி நேரம் ஊற வைத்து அரைத்து, பொடியாக நறுக்கி வதக்கிய முருங்கைக்கீரையும் வேகவைத்து மசித்த கேரட்டும் கலந்து ஊற்றுங்கள். இறக்கியதும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. புளிப்பில் உள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளத் துணை செய்யும்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இதே மாவுகளைப் பணியாரக் குழியில் ஊற்றலாம். முழுசாகக் கையில் கொடுக்காதீர்கள், நாலாக வெட்டிக் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைத்து, பக்கத்தில் ஆள் இருந்து கொடுக்க வேண்டும். முழு வேர்க்கடலை, முழு முந்திரியெல்லாம் தொண்டையில் அடைக்கும், இந்த வயதில் வேண்டாம். புதிய பொருளை ஒரு நேரத்தில் ஒன்றாகப் பழக்குங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

சர்க்கரை பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று பார்க்கிறீர்களா? வேண்டியதில்லை என்பதால்தான் சொல்லவில்லை. இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்காதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நம்மாட்கள் "வெள்ளைச் சர்க்கரை இல்லை டீச்சர், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி" என்கிறார்கள். கருப்பட்டி எங்கள் பக்கத்துப் பெருமை, எனக்கும் பிடிக்கும். ஆனால் நாக்குக்கு அதுவும் இனிப்புத்தான். பிறந்ததிலிருந்து தாய்ப்பால் தவிர வேறு ருசி தெரியாத பிள்ளைக்கு, இனிக்காத தோசை சப்பென்று இருக்குமென்று யார் சொன்னது? சப்பென்று இருப்பது உங்கள் நாக்குக்கு. மாவில் இனிப்பைக் கலந்து விற்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இனிப்பில்லாமல் தின்னாத பிள்ளை, அடுத்த பாக்கெட்டுக்கும் வாடிக்கையாளர்.

இந்த இடத்தில் என் வயதுக்காரர்களையும் விடுவதாக இல்லை. மதினிமாரே, பெரியம்மாக்களே, கொஞ்சம் இப்படி வாருங்கள். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தேன் தடவுவது, தோசைக்கு மேல் தேனை ஊற்றிக் கொடுப்பது இரண்டையும் நிறுத்துங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். கை கால் துவண்டு, மூச்சுவரை பாதிக்கும். தோசைக்கல் சூட்டில் அந்த வித்து சாகாது. "நாங்கெல்லாம் வளரலையா" என்று கேட்காதீர்கள். வளராமல் போன பிள்ளைகள் வந்து பதில் சொல்ல முடியாது. அப்புறம், தோசையோடு அரை டம்ளர் டீ. டீ, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரையைப் போட்டுத் தோசை சுட்டுவிட்டு மேலே டீயை ஊற்றினால், வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கியதாக ஆகும்.

இன்னொரு கூட்டம், கூழைத் தாண்டவே பயப்படுகிறவர்கள். எட்டு மாதம் ஆகும்போது கையில் பிடித்துத் தின்னும் உணவைக் கொடுக்கலாம். ஒரு வயதில் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதை, உப்புக் காரம் குறைத்து, அதுவும் சாப்பிடலாம். பத்து மாதத்துக்கு மேலும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் பிறகு மெல்லவே மறுக்கும். ஐந்து வயதில் பள்ளிக்கு வந்து, சத்துணவில் போடுகிற முட்டையையும் சுண்டலையும் வாயில் அதக்கி வைத்துக்கொண்டு முழிக்கிற பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்த்திருக்கிறேன். மென்மையான தோசைத் துண்டு கூழுக்கும் சோற்றுக்கும் நடுவில் இருக்கிற படி.

"வேலைக்குப் போகிறவள் நான், நேரம் எங்கே டீச்சர்?" நியாயமான கேள்வி. 34 வருடம் காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தவள் நான், எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் பாக்கெட் மாவையும் யாராவது கரைக்க வேண்டும், கல்லில் ஊற்ற வேண்டும், திருப்ப வேண்டும். மிச்சமாவது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை வேறு இடத்தில் தேடுங்கள். பையன்களே, என்னிடம் படித்த பையன்களைத்தான் கேட்கிறேன், நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? கைபேசியைப் பிடிக்கிற கைக்குத் தோசைத்திருப்பியைப் பிடிக்கத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை கேழ்வரகை வறுத்து மில்லில் கொடுத்துத் திரித்து வந்து டப்பாவில் போட்டு வையுங்கள், அது அப்பா வேலை. கடையில் வாங்குகிற ஈர மாவில் பெரும்பாலும் உப்பு இருக்கும், எத்தனை நாள் மாவு என்றும் தெரியாது. அவசரம் என்றால் அதை நீங்கள் சாப்பிடுங்கள், குழந்தைக்குக் கேழ்வரகைக் கரைத்து ஊற்றுங்கள்.

கடைசியாக, அந்த வீடியோக்கள். சிரித்த முகமாக ஒரு அம்மா வருகிறார், தன் பிள்ளைக்கு ஊட்டுகிறார், கீழே வாங்குவதற்கு இணைப்பு கொடுக்கிறார். தாய்ப்பாலுக்குத் துணை உணவு என்று இரண்டு வயதுவரையான குழந்தைகளுக்காக விற்கும் பொருளை விளம்பரம் செய்யவே கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1992-ல் வந்தது, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். காரணம் இதுதான்: பிள்ளை பெற்ற புதிதில் ஒரு பெண்ணுக்கு எல்லாவற்றிலும் சந்தேகமாக இருக்கும். பால் போதுமா, எடை கூடுமா, நான் செய்வது சரியா என்று ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருப்பாள். அந்த நேரத்தில் வந்து "உன் கையால் ஆகாது, இதை வாங்கு" என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். எனக்குக் கோபம் அங்கேதான். 300 ரூபாய் போனால் போகிறது. ஒரு பெண்ணுக்குத் தன் கைமேல் இருக்கிற நம்பிக்கையைப் பிடுங்கி, அதையே டப்பாவில் அடைத்து அவளுக்கே விற்கிறார்கள்.

வாங்கிவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். அதைப் பெரியவர்கள் சாயங்காலப் பலகாரமாகச் சுட்டுத் தின்று தீர்த்துவிடுங்கள். நாளைக் காலையில் தோசை ஊற்றும்போது, கல்லின் ஓரத்தில் ஒரு கரண்டி பிள்ளைக்கும் ஊற்றுங்கள். முதல் தடவை துப்பும், இரண்டாம் தடவை தரையில் போடும். பத்துத் தடவையாவது கொடுத்துப் பாருங்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு "அ" எழுத வரவும் அத்தனை தடவை ஆனது, எனக்கு நினைவிருக்கிறது.

சண்டை போட வருகிறவர்கள் கீழே எழுதலாம். மாவு அரைத்துவிட்டு வந்து எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர்