ரகசியம் ஆரைக் காப்பாற்றுது?



போன கிழமை அக்காவின்ர மகன் கேட்டான்: "மாமா, ஜிடிஏ 6 பற்றி இவங்கள் ஏன் வாயே திறக்கிறாங்கள் இல்லை?" முதல் முன்னோட்டம் வந்தது 2023 டிசம்பரில். அடுத்ததுக்கு 2025 மே வரை, 17 மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவனுக்கு அது அநியாயம்.

எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. கதையின் முடிவை மறைத்து வைப்பது படைப்பாளியின் உரிமை. அரைகுறை வேலையைக் காட்டச் சொல்லி நெருக்கினால் அடி விழுவதும் வேலை செய்கிற ஆட்களுக்குத்தான். 2016இல் நோ மேன்ஸ் ஸ்கை சில வாரங்கள் தள்ளிப்போனதற்கே அதன் இயக்குநர் ஷான் மரேக்குக் கொலை மிரட்டல் வந்தது. பேட்டிகளில் அவர் சொன்ன பலதும் வெளியீட்டில் இல்லை என்பதும் உண்மை. அதன்பிறகு அந்தச் சின்ன நிறுவனம் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தது. விடுபட்டதை வருசக்கணக்கில் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. அந்த மௌனம் விளங்குது.

ஆனா எல்லா ரகசியமும் ஒண்டில்லை.

போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077ஐ வெளியிட்டது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் வன் பதிப்புகள் எவ்வளவு மோசம் எண்டு காசு கட்டின பிறகுதான் சனத்துக்குத் தெரிஞ்சது. முன்பதிவு மட்டும் 80 இலட்சம். ஒரு கிழமைக்குள் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. கட்டாய மேலதிக வேலை இல்லை என்று 2019இல் சொன்ன அதே நிர்வாகம், வெளியீட்டுக்கு முன் கிழமைக்கு ஆறு நாள் வேலை வாங்கியது. அதுவும் செய்தியாளர் ஒருவர் வெளிக்கொண்டு வந்துதான் தெரியும். இங்கே ரகசியம் கதையைக் காக்கவில்லை, விற்பனையைக் காத்தது.

இப்ப மருமகனின் கேள்விக்கு வாறன். 2025 அக்டோபர் கடைசியில் ஜிடிஏவைச் செய்கிற ராக்ஸ்டார், பிரித்தானியாவிலும் கனடாவிலும் 30க்கு மேற்பட்டோரை வேலையால் நிறுத்தியது. ரகசியத் தகவலை வெளியில் பகிர்ந்தார்கள் என்கிறது நிறுவனம். சங்கம் அமைக்க முயன்றவர்களைப் பழிவாங்கியது என்கிறது ஐடபிள்யூஜிபி தொழிற்சங்கம். அவர்கள் பேசியது சங்கத்தின் தனிப்பட்ட டிஸ்கோர்ட் குழுவில் என்றும் சொல்கிறது. அடுத்த கிழமையே வெளியீடு 2026 நவம்பர் 19க்குத் தள்ளிப்போனது. ரசிகர்களில் கனபேருக்கு இரண்டாவது செய்திதான் பெரிய செய்தி. எனக்கு முதலாவது. கதை கசியக்கூடாது எண்டு போட்ட கையெழுத்து, சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பற்றிக் கதைக்கிற வாயையும் கட்டலாமா?

வேறு வழியும் இருக்கு. பெல்ஜியத்தின் லேரியன், பால்டர்ஸ் கேட் 3இன் முதல் அங்கத்தை 2020 அக்டோபரிலேயே விற்பனைக்கு விட்டு, விளையாடினவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தியது. மிச்சக் கதையை 2023 ஆகஸ்ட் வரை பொத்தி வைத்தது. அதிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு: காசும் குடுத்து, பிழை பிடிக்கிற வேலையையும் நாங்களே செய்யிறம். ஆனாலும் என்ன வாங்குகிறோம் என்பதை மறைக்கவில்லை.

ஆக, கதையை மறையுங்கோ. குறையை மறைக்காதேங்கோ. வேலை செய்யிறவரின் வாயைக் கட்டாதேங்கோ.

எங்கட பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்த விளையாட்டுகளை விளையாடுதுகள், சிலர் இந்தத் துறைக்கே வேலைக்குப் போகினம். மருமகனிட்ட நான் கேட்டது இரண்டு விசயம்தான்: விமர்சனம் வரும்வரை முன்பதிவு செய்யாதே; அடுத்தமுறை "எப்ப வரும்?" எண்டு எழுதேக்குள்ள, "நிறுத்தினவையைத் திருப்பி எடுத்தாச்சோ?" எண்டும் எழுது. அவன் யோசிக்கிறன் எண்டான். நீங்களும் வீட்டில் கேட்டுப் பாருங்கோ. வாற பதில்களை எங்களுக்கு எழுதுங்கோ.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக