கறுப்புச் சதுரம் செய்த குற்றம் என்ன?

"உருவமில்லை, உயிரில்லை, வெறும் கறுப்புச் சதுரம்! இதுவா ஓவியம்? என் வீட்டுக் குழந்தையும் தீட்டுமே!" என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. எள்ளுவது எளிது, எண்ணிப் பார்ப்பதே அரிது. எண்ணிப் பார்க்க அழைக்கிறோம்.

காசிமிர் மலேவிச் 1879இல் கீவ் நகரில், போலந்து மரபுக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தை சர்க்கரை ஆலை ஊழியர். குடியானவர் தம் குடிசைச் சுவரையும் அடுப்பையும் வண்ணத்தால் அழகு செய்வதைக் கண்டு ஓவியத்தில் ஆசை கொண்ட சிறுவர் அவர்.

1915 டிசம்பர். பெட்ரோகிராடில் ஓவியக் கண்காட்சி. சுவரின் நடுவிலன்று, அறையின் மேல்மூலையிலே மாட்டினார் தம் கறுப்புச் சதுரத்தை. ரஷ்ய இல்லங்களில் அந்த மூலை யாருடையது? புனிதர் படங்களுடையது! பெனுவா என்னும் புகழ்பெற்ற விமர்சகர் சீறி எழுதினார். சீறாமல் இருப்பாரா? நூற்றாண்டு நூற்றாண்டாக மன்னன் முகத்துக்கும் புனிதர் தலையொளிக்கும் ஊழியம் செய்த வண்ணம், "இனி நான் யாருக்கும் அடிமையல்ல" என்று நிமிர்ந்து நின்ற இடமல்லவா அது!

நொடியில் பூசிய மையா அது? 2015இல் கதிர்வீச்சுக் கருவிகளால் ஆய்ந்தனர். கறுப்பின் அடியில் வண்ண ஓவியங்கள் இரண்டு புதைந்திருக்கக் கண்டனர். தேடித் தேடி, தீட்டித் தீட்டி, அழித்து அடைந்த முடிவு அது.

புரட்சி வந்தது. 1919இல் வீத்தெப்ஸ்க் நகரில் ஆசிரியரானார். பின்னர் பெட்ரோகிராடில் கலை ஆய்வு நிலையத்தின் தலைவரானார். 1926இல் அந்நிலையம் மூடப்பட்டது. 1930இல் அவரே கைதானார். மாதக்கணக்கில் காவல், விசாரணை! 1932இல் ஓவியர் குழுக்கள் அனைத்தும் அரசாணையால் கலைக்கப்பட்டன. கறுப்புச் சதுரம் பல பத்தாண்டுகள் கிடங்கில் அடைபட்டது.

"பொதுவுடைமை அரசுக்குத்தான் பிடிக்கவில்லை" என்று வேறு சிலர் மகிழ வேண்டா. 1937இல் மூனிக் நகரில் நாஜிகள் "சீர்கெட்ட கலை" என்று பெயர் சூட்டி, காண்டின்ஸ்கி, கிளே ஆகியோர் ஓவியங்களை ஏளனத்துக்கென்றே தொங்கவிட்டனர். கொடியின் நிறம் வேறு. கொடுமையின் குணம் ஒன்றே!

"ஏழைக்கு இதனால் என்ன பயன்?" என்று நம்மிலேயே சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. சோற்றைச் சதுரம் தராது. ஆனால் எதைக் காண வேண்டும், எப்படிக் காண வேண்டும் என்று ஆணையிட்டவர்கள் ஏழைக்கு எப்போது சோறு தந்தார்கள்? கண்ணுக்கு விலங்கிட்டவன் கைக்கு இடாமல் விடுவானா?

மலேவிச் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்கிறோமா? இல்லை. அவர் எழுத்தில் ஆன்மிக மூட்டம் உண்டு. அதை நாம் மறுக்கலாம், மறுக்கிறோம். புனிதர் படத்தை இறக்கிய மூலையில் சதுரத்தை ஏற்றித் தொழவும் வேண்டா. கருத்தை மறுப்பது அறிவின் உரிமை. தூரிகையைப் பறிப்பது அதிகாரத்தின் ஆணவம்.

இறுதி ஆண்டுகளில் மீண்டும் மனித உருவங்களைத் தீட்டினார். முகமற்ற குடியானவர்களைத் தீட்டினார். "பணிந்துவிட்டார்!" என்றனர். பணிந்தாரா? 1933இல் தம் உருவத்தைத் தாமே தீட்டினார். கையொப்பமிட வேண்டிய மூலையில் பெயரில்லை. சின்னஞ்சிறு கறுப்புச் சதுரம் இருந்தது! 1935 மே 15ஆம் நாள் லெனின்கிராடில் மறைந்தார். ஊர்வல வண்டியின் முகப்பிலும் அதே சதுரம்.

இளைஞர்களே! புரியாததைக் கண்டால் கேளுங்கள், ஆராயுங்கள், வேண்டாமெனில் விலக்குங்கள். கல்லெறிவதை மட்டும் பழைய காவலர்களுக்கே விட்டுவிடுங்கள்!