இல்லறத்திற்கு ஊதிய வரம்பா?

மணவாழ்வு என்பது இரு உள்ளங்கள் இணைவதோடு நிறைவெய்துவதன்று. இருவரும் ஒரு கூரையின்கீழ் வாழும் வாய்ப்பும் வேண்டும். கணவன் ஒரு நாட்டிற்கும் மனைவி வேறொரு நாட்டிற்கும் உரியவராக இருப்பின், அவ்வாய்ப்பை அளிப்பது குடும்பமன்று, அரசே. அவ்வரசு எழுப்பும் முதன்மையான வினாக்களுள் ஒன்று, "உன் வருவாய் எவ்வளவு?" என்பதாகும்.

இவ்வினா நம்மவர்க்குப் புதியதன்று. வளைகுடாவில் பணிபுரியும் மகனோ மருமகனோ இல்லாத தெரு நம் ஊர்களில் அரிது. ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் பெறுவோர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என 2019ஆம் ஆண்டு விதி வகுக்கப்பட்டது. எனினும் அங்குச் செல்வோர் உழைப்பதற்காகச் சென்ற அயலார். தன் சொந்தக் குடிமக்களிடமே ஓர் அரசு இவ்வினாவை எழுப்பும்போது அதன் தன்மை வேறாகிறது. இதற்குப் பிரிட்டன் தக்க சான்றாகும்.

முன்னர் அந்நாட்டில், அரசின் உதவித்தொகையை நாடாமல் துணைவரைப் பேண இயலும் என்று காட்டினாலே போதுமானதாக இருந்தது. 2012 ஜூலை 9ஆம் நாள் முதல், கணவனையோ மனைவியையோ வரவழைக்க விரும்புவோர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு ஈட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2024 ஏப்ரல் 11ஆம் நாள் அத்தொகை 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. வருவாய் இல்லாது சேமிப்பை மட்டும் காட்ட விரும்புவோரிடம் 88,500 பவுண்டு ஆறு மாதம் கையிருப்பில் இருத்தல் வேண்டும்.

வருபவரைப் பேண வழியுண்டா என அரசு வினவுவதில் தவறில்லை. பொதுநிதி எல்லோருடைய உழைப்பாலும் சேர்வது. அதனைக் காப்பது ஆட்சியாளர் கடமை. பேணும் வழியின்றி ஒருவரை அழைத்து வந்து அல்லலுறச் செய்வதும் அறமாகாது. ஆனால் எந்த அளவுகோலால் அளப்பது என்பதே நம் வினா.

2024 ஏப்ரலில் அந்நாட்டு அரசே நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டு. வாரம் 40 மணி நேரம் வீதம் ஆண்டு முழுதும் உழைத்தாலும் அது 23,800 பவுண்டை எட்டாது. உழைப்புக்கு இது போதிய கூலி என்று ஒரு கையால் எழுதும் அரசு, துணைவரோடு வாழ இது போதாது என்று மறு கையால் எழுதுகிறது. முதியோரைப் பேணும் பணியாளரும், கடைச் சிப்பந்தியும், குழந்தைகளை வளர்த்துக்கொண்டே பகுதி நேரம் உழைக்கும் தாயும் இவ்வாறு விலக்கப்படுகின்றனர். வரவிருக்கும் கணவன் தேர்ந்த பொறியாளனாகவே இருப்பினும், வெளிநாட்டில் அவன் ஈட்டும் ஊதியமோ, வந்தபின் ஈட்டக்கூடிய ஊதியமோ கணக்கில் கொள்ளப்படுவதில்லை.

பொதுநிதிக்குச் சுமை என்ற வாதமும் முழுமையாக நிற்பதன்று. துணைவர் விசாவில் வருவோர்க்கு அரசின் உதவித்தொகைகள் பெற உரிமை இல்லை என்பது ஏற்கெனவே உள்ள நிபந்தனை. மருத்துவத்திற்கென ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் கட்டணத்தையும் 2024 பிப்ரவரி முதல் அவர்கள் செலுத்தி வருகின்றனர்.

இவ்விதி நீதிமன்றத்திற்கும் சென்றது. வருவாய் வரம்பு விதிப்பது சட்டத்திற்கு முரணன்று என 2017 பிப்ரவரி 22ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் குழந்தைகளின் நலனுக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை என்பதையும், பிற வருவாய் வழிகள் உரியவாறு கருதப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. திறன்மிகு பணியாளர்க்குரிய ஊதிய அளவைக் குடும்பத்தின்மீது சுமத்துவதன் காரணம் விளங்கவில்லை என, அரசு அமர்த்திய குடியேற்ற ஆலோசனைக் குழுவே 2025 ஜூனில் அளித்த அறிக்கையில் எழுதியது. பணியாளனைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் வேறு. குடும்பம் வாழப் போதுமான அளவு வேறு.

மாற்று வழி இல்லாமலில்லை. அமெரிக்காவில் துணைவரை வரவழைப்பவர், வறுமைக் கோட்டு அளவில் 125 விழுக்காடு வருவாயைக் காட்டுதல் வேண்டும். அஃது இயலாதவர்க்கு உறவினரோ நண்பரோ கூட்டுப் பொறுப்பாளராகக் கையொப்பமிடலாம். அக்கையொப்பம் சட்டப்படி கட்டுப்படுத்துவது. மணமுறிவு ஏற்பட்டாலும் நீங்காதது. கனடாவிலோ துணைவரை அழைக்கப் பொதுவாக வருவாய் வரம்பே இல்லை. மூன்றாண்டு பேணுவேன் என்ற உறுதிமொழியே கேட்கப்படுகிறது. இவ்விரு நாடுகளும் பொதுநிதியைக் காவாமல் விட்டுவிடவில்லை. அளித்த வாக்கின் பொறுப்பைச் சுமக்கச் செய்வதன்மூலம் அதனைக் காக்க முயல்கின்றன. குடும்பத்தின் வலிமை ஒருவரது ஊதியச் சீட்டில் மட்டும் அடங்குவதன்று என்னும் உண்மையை இவை ஏற்றுக்கொண்டுள்ளன. பிரிட்டனும் இருவரது உழைப்பையும் உறவினரது துணையையும் ஒருங்கே எண்ணி அளப்பதே நீதியாகும்.

அயல்நாட்டில் குடியுரிமை பெற்ற குடும்பங்களோடு மணவுறவு பேசும் பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குணமும் கல்வியும் குடும்பமும் உசாவும் நாம், அழைத்துக்கொள்ளும் தகுதி இன்று சட்டப்படி உண்டா என்பதையும் மணநாள் குறிக்குமுன் உசாவுதல் வேண்டும். இதனைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. கேளாமல் விட்டால், மணமான பின் மகள் நம் வீட்டிலும் மருமகன் கடல் கடந்தும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். சட்டம் பயிலும் மாணவர்கள் இவ்விதிகளைக் கற்றுத் தம் ஊரார்க்கு எளிய தமிழில் எடுத்துரைப்பாராயின், அதுவே அவர்தம் கல்வியின் பயனாகும்.