திருநாதர்குன்று

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். புஸ்ஸி 1750-இல் ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த கதை மனப்பாடம். (நம் புஸ்ஸி வீதி அவர் பெயரில்தான்.) அந்தச் செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருப்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

ஒரே பாறையில், வரிசைக்குப் பன்னிரண்டாக, 24 தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழைய கல்வெட்டும் உண்டு. ‘ஐ’ எழுத்து கல்லில் முதலில் தென்படுவது அதில்தான் என்பார்கள்.

பாகுபலியைப் பார்க்க சிரவணபெளகொளாவுக்கு பஸ் பிடிக்கிறோம். 70 கிலோமீட்டரில் இருக்கும் இங்கே போகிறவர் சிலரே. அவர்களிலும் சிலர் பாறை நிழலில் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிறார்கள். கண்ணால் பார்த்தேன். ஒருவர் பட்டினி கிடந்து போன இடம் ஐயா! கீழே இறங்கிச் சாப்பிட்டால் என்ன?

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இருக்கிறது. தமிழ்ச் சமணர்கள் நம்மிடையேதான் வாழ்கிறார்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒரு நயினார் இருந்தார். பொழுது சாயுமுன் சாப்பிட வேண்டுமென்று ஐந்து மணிக்கே டிபன் டப்பாவைத் திறப்பார். “நயினாருக்கு ராத்திரி கண் தெரியாது” என்று கேலி செய்வோம். நானும்தான். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். குன்றின் மேல் நின்றபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.