பிச்சையா? பாத்தியதையா?

நமது தர்மபுரி ஜில்லா தொப்பூரில் 24-7-2023இல், பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை கொடுப்பதற்கு மனு வாங்கும் முகாமை முதல் மந்திரி ஸ்டாலின் துவக்கி வைத்தார். அவ்வருஷம் செப்டம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அத்தொகை போய்ச் சேர்ந்தது.

இம்மாதிரி காரியங்களுக்குக் கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் சொல்லும் ஆட்சேபணை ஒன்றுண்டு. அதாவது, ஏழைக்கு அவனவன் மனமுவந்து கொடுப்பதே கருணை. ஸர்க்கார் வரி போட்டுப் பிடுங்கிக் கொடுப்பது கருணையாகாது. ஏசு பணக்கார வாலிபனைத்தான் விற்றுக் கொடுக்கச் சொன்னாரே ஒழிய, ரோமாபுரி அதிகாரியைப் பிடுங்கிக் கொடுக்கச் சொல்லவில்லை என்பதாம்.

நமக்கு எந்த வேதத்திலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவர்கள் கையிலுள்ள புஸ்தகத்தைக் கொண்டே கேட்கின்றோம். வயலின் ஓரத்தை அறுக்காமலும், சிந்தின கதிரைப் பொறுக்காமலும் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டுமென்று லேவியராகமம் 19-வது அதிகாரத்தில் இருக்கிறதே, அது வேண்டுகோளா, சட்டமா? 50-வது வருஷத்தில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டுமென்று 25-வது அதிகாரம் சொல்லுகிறதே, அது மிராசுதாரன் மனமுவந்து செய்யும் தர்மமா? அந்தச் சட்டப்படி கதிர் பொறுக்குவது ஏழையின் பாத்தியதையேயல்லாமல் நிலக்காரன் போட்ட பிச்சையல்ல.

நிற்க, தர்மத்தாலேயே எல்லாம் நடந்துவிடும் என்பார்களானால், நமது ஜில்லாவின் தண்ணீரையே பார்ப்போம். இங்கு பல ஊர்க் கிணறுகளில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்து, அதைக் குடித்த ஜனங்களுக்குப் பல் காவியேறிற்று, எலும்பு வளைந்தது. தண்ணீர்ப் பந்தல் வைத்த புண்ணியவான்கள் இல்லாமலா போனார்கள்? பந்தல் பானையிலும் அதே கிணற்றுத் தண்ணீர்தானே! காவேரியை ஊர் ஊராகக் கொண்டுவர 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் துவங்கி, 2013இல் திறக்கப்பட்டது. செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல். ஜப்பானிடம் அதற்கு வாங்கிய கடனைத் தீர்ப்பது எந்தக் கோவில் உண்டியல்? எந்தச் சர்ச்சுக் காணிக்கை? ஜனங்கள் கொடுக்கும் வரியேயாகும்.

சேரிப் பிள்ளைகளைத் தெருவிலேயே நடக்கவிடாத காலத்தில், மிஷன்காரர்கள் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்ததை நாம் மறைக்கவில்லை. ஆனால், இன்று நம் நாட்டில் உதவி பெறும் மிஷன் பள்ளிகளின் உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஸர்க்கார் கஜானாவிலிருந்துதானே! வாத்தியார் சம்பளத்துக்கு வரிப்பணம் ஆகலாம், கூலிக்காரியின் அடுப்புக்கு ஆகாது என்பது எந்த ஊர் நியாயம்?

அன்றியும், வரி கொடுப்பவன் பணக்காரன் மட்டுந்தானா? கூலிக்காரி வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் வரி ஒளிந்து கொண்டிருக்கிறது. அவள் கொடுத்ததில் ஒரு பங்கு அவளிடம் திரும்பி வந்தால், அதைப் பிடுங்கல் என்பதா?

உண்மை என்னவென்றால், தர்மத்தில் கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. கொடுப்பவனுக்குப் புகழும் மோக்ஷமும், வாங்குபவனுக்குக் கும்பிடு. பணக்காரன் மோக்ஷத்துக்கு ஏறுவதற்கு ஏழை ஏணியாகவே கிடக்க வேண்டுமா? அவன் மனம் இரங்கும் நாள்வரை நம் குழந்தை பசியோடு காத்திருக்குமா?

மந்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜனங்கள் பணத்தை ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டு, தங்கள் படத்தைப் போட்டு "நான் கொடுத்தேன்" என்பவர்களும் அந்தப் பிச்சைப் புத்திக்காரர்களேயாவார்கள்.

ஆகவே தோழர்களே! கும்பிட்டு வாங்காதீர்கள், கணக்குக் கேட்டு வாங்குங்கள். பிச்சை வேண்டாம், பங்கே வேண்டும்!